கற்றல் கோட்பாடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனிதர்களும் விலங்குகளும் நடத்தையை எவ்வாறு கற்கிறார்கள் என்பது பற்றி உளவியல் மாணவர்களும், பெற்றோரும், வளர்ப்பு நாயைப் பழக்குவோரும் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் வருபவை அடிப்படையானவை. பின்னால் வருபவை முன்னவற்றின் விடைகளைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. கற்றல் என்றால் படிப்பதுதானே? எலிக்கும் புறாவுக்கும் அதில் என்ன வேலை?

உளவியலில் கற்றலின் பரப்பு பாடம் படிப்பதைவிட மிகவும் அகன்றது. அனுபவத்தின் விளைவாக ஓர் உயிரின் நடத்தையிலோ, அவ்வாறு நடந்துகொள்ளும் திறனிலோ ஏற்படுகிற, ஓரளவு நிலைத்து நிற்கும் மாற்றத்தையே கற்றல் என்கிறார்கள். உடல் முதிர்ச்சியால் தானாக வரும் மாற்றமும், களைப்பாலோ மருந்தாலோ சிறிது நேரம் தோன்றி மறையும் மாற்றமும் இதில் சேரா. நடத்தை என்பதோடு நிறுத்தாமல் திறன் என்பதையும் வரையறைக்குள் கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. அது கேள்வி 10இல் தெரியவரும்.

இந்த வரையறைப்படி மிக எளிய உயிர்களும் கற்கின்றன. ஏப்ளிசியா என்னும் கடல் நத்தையை மெல்லத் தொட்டால் அது தன் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். தீங்கற்ற அந்தத் தொடுதல் திரும்பத் திரும்ப நிகழ்ந்தால் உள்ளிழுப்பது குறைந்துகொண்டே போகும். பழகிப்போதல் எனப்படும் இந்த எளிய கற்றலின்போது நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகளின் வலிமை மாறுவதை எரிக் காண்டல் விரிவாகக் காட்டினார். நினைவு பற்றிய அந்த ஆய்வுகளுக்காக 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

2. பாவ்லோவ் மணி அடித்தார், நாய்க்கு எச்சில் ஊறியது. இதில் அப்படி என்ன பெரிய கண்டுபிடிப்பு?

இவான் பாவ்லோவ் உளவியலாளர் அல்லர்; ரஷ்ய உடலியங்கியல் அறிஞர். செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர். ஆய்வுக்கூட நாய்களுக்கு உணவு வாயில் படும்முன்பே, உணவு தருபவரைக் கண்டவுடனேயே உமிழ்நீர் சுரந்தது அவருடைய செரிமான அளவீடுகளுக்கு இடைஞ்சலாக இருந்தது. அந்த இடைஞ்சலையே அவர் ஆய்வுப் பொருளாக மாற்றிக்கொண்டார். மணியைப் பற்றி எல்லோரும் பேசினாலும், தாளக்கருவி, மின்னொலிப்பான், ஒளி, தோலைத் தொடுதல் என அவர் பயன்படுத்திய தூண்டல்கள் பல.

உணவு என்னும் தூண்டலுக்கு உமிழ்நீர் என்னும் துலங்கல், அதாவது எதிர்வினை, இயற்கையாகவே வருகிறது. தாளக்கருவியின் ஒலிக்கு அப்படி எதுவும் வருவதில்லை. ஒலி கேட்ட சிறிது நேரத்தில் உணவு வருவது பலமுறை நிகழ்ந்தால், ஒலி மட்டுமே உமிழ்நீரை வரவழைக்கும். இதுவே ஆக்கநிலையிறுத்தம். எச்சில் ஊறியதைவிட, அடுத்தடுத்து வெளிப்பட்ட ஒழுங்குகளே பாவ்லோவின் உண்மையான சாதனை. உணவின்றி ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தால் துலங்கல் மறையும். சில மணி நேரம் ஓய்வுக்குப் பிறகு அதே ஒலியைக் கேட்டால் ஓரளவு மீண்டும் தலைகாட்டும். ஒத்த ஒலிகளுக்கும் உமிழ்நீர் ஊறும். ஒன்றுக்கு மட்டும் உணவு வந்து மற்றொன்றுக்கு வராமல் போனால், நாய் இரண்டையும் வேறுபடுத்தக் கற்கும். அகத்தே நிகழும் ஒன்றைச் சொட்டுக் கணக்கில் அளந்து பார்க்க முடியும் என்று இந்த ஆய்வுகள் காட்டின.

3. அப்படியென்றால் நம் பயங்களும் இப்படித்தான் வந்தவையா?

சில பயங்கள் இப்படி வரக்கூடும். ஜான் வாட்சனும் ரோசாலி ரேய்னரும் 1920இல் வெளியிட்ட ஆய்வில், ஆல்பர்ட் என்று குறிப்பிடப்பட்ட பதினொரு மாதக் குழந்தை முதலில் வெள்ளை எலியைக் கண்டு அஞ்சவில்லை. குழந்தை எலியைத் தொட முயலும்போதெல்லாம் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில முறைகளுக்குப் பிறகு எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. முயலுக்கும் நாய்க்கும் மென்மயிர் மேலங்கிக்கும்கூட அந்த அச்சம் ஓரளவு பரவியது. இன்றைய அறநெறிக் குழு எதுவும் இத்தகைய ஆய்வை அனுமதிக்காது. ஒரே குழந்தையை வைத்துச் செய்ததும், பயத்தை நீக்காமலேயே குழந்தையை அனுப்பிவிட்டதும் அதன் பெருங்குறைகள். பாடநூல்கள் இதற்குக் கொடுக்கும் இடம் அதன் தகுதிக்கு மிஞ்சியது என்றே நான் கருதுகிறேன்.

இதைவிடப் பயனுள்ள ஆய்வு, மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் வெளியிட்டது. முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவன் விருப்பமான உணவை உண்டுகொண்டிருக்கும்போது, முயலைச் சற்றுத் தொலைவில் வைத்து, நாளடைவில் அருகில் கொண்டுவந்தார். அஞ்சாத பிற குழந்தைகள் முயலோடு விளையாடுவதையும் அவன் பார்த்தான். இறுதியில் முயலைத் தடவிக்கொடுக்கும் அளவுக்குப் பயம் நீங்கியது. 1950களில் ஜோசப் வோல்ப் உருவாக்கிய படிப்படியான அச்சநீக்க முறைக்கு இது முன்னோடி.

4. தார்ன்டைக், ஸ்கின்னர் இருவரும் பாவ்லோவ் சொன்னதைத்தானே வேறு சொற்களில் சொன்னார்கள்?

இல்லை. பாவ்லோவின் நாய் எச்சில் ஊறினாலும் ஊறாவிட்டாலும் உணவு வரும். நாயின் செயல் எதையும் மாற்றுவதில்லை. எட்வர்ட் தார்ன்டைக்கின் பூனைகளுக்கு நிலைமை வேறு. 1898இல் வெளியான ஆய்வில், அவர் பசித்த பூனையைப் புதிர்ப் பெட்டிக்குள் அடைத்து, வெளியே உணவை வைத்தார். கயிற்றை இழுத்தாலோ மிதியை அழுத்தினாலோதான் கதவு திறக்கும். பூனை முதலில் பிறாண்டும், கடிக்கும், தற்செயலாகக் கயிற்றையும் இழுத்துவிடும். அடுத்தடுத்த முறைகளில் வெளியேற எடுத்துக்கொள்ளும் நேரம் மெல்ல மெல்லக் குறைந்தது. திடீரென்று புரிந்துகொண்டதற்கான செங்குத்தான சரிவு வரைபடத்தில் இல்லை. நிறைவான விளைவைத் தரும் செயல் அந்தச் சூழலோடு வலுவாகப் பிணைகிறது என்ற விளைவு விதியை அவர் இதிலிருந்து வகுத்தார்.

பி. எஃப். ஸ்கின்னர் 1930களில் இதைத் தொடர்ச்சியாக அளக்கும் வழியைக் கண்டார். நெம்புகோலை அழுத்தினால் உணவு உருண்டை விழும் பெட்டியில் எலியை விட்டு, அழுத்தும் வேகத்தைக் கருவியே பதிவு செய்யும்படி அமைத்தார். இது செயல்படு ஆக்கநிலையிறுத்தம் எனப்படும். சுருங்கச் சொன்னால், பாவ்லோவின் விலங்கு எதை அடுத்து எது வரும் என்று கற்கிறது. ஸ்கின்னரின் விலங்கு எதைச் செய்தால் எது வரும் என்று கற்கிறது.

5. எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனைதானே?

இத்துறையில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். பயிற்சி பெற்றவர்களே தவறிவிடுகிறார்கள். வலுவூட்டல் எதுவானாலும் அதன் விளைவு ஒன்றே: அந்தச் செயல் பின்னர் அதிகரிக்கும். தண்டனையின் விளைவு, செயல் குறைவது. நேர்மறை, எதிர்மறை என்பவை நல்லது, கெட்டது என்ற பொருளில் வருவன அல்ல. செயலை அடுத்து ஏதோ ஒன்று வந்து சேர்ந்தால் நேர்மறை. ஏற்கனவே இருந்த ஒன்று நீங்கினால் எதிர்மறை.

தலைவலிக்கு மாத்திரை போட்டு வலி நீங்கினால், அடுத்த முறையும் மாத்திரையைத் தேடுகிறோம். வலி நீங்கியதால் மாத்திரை போடும் செயல் வலுப்பெற்றது. இது எதிர்மறை வலுவூட்டல். வண்டியில் இருக்கைப் பட்டை போடும்வரை ஒலிக்கும் எச்சரிக்கையும் அப்படியே. மாறாக, சண்டையிட்ட குழந்தையிடமிருந்து பொம்மையை எடுத்துவைப்பதால் சண்டை குறைந்தால் அது எதிர்மறைத் தண்டனை. விரும்பிய ஒன்று நீங்கியது, செயல் குறைந்தது.

இந்த வேறுபாட்டைக் கற்பதால் நடைமுறைப் பயனும் உண்டு. கூட்டத்தில் பேச அஞ்சுபவர் கூட்டத்தைத் தவிர்க்கும்போதெல்லாம் பதற்றம் உடனே தணிகிறது. அந்தத் தணிவே தவிர்ப்பதை வலுப்படுத்துகிறது. தவிர்ப்பதால் கூட்டம் அத்தனை ஆபத்தானதன்று என்று அறியும் வாய்ப்பும் போய்விடுகிறது. பயம் முதலில் கேள்வி 2இல் சொன்ன வழியில் தோன்றி, பிறகு இவ்வழியில் நிலைபெறுகிறது என்று ஓ. ஹோபார்ட் மௌரர் 1940களில் முன்வைத்த விளக்கம் இரு காரணிக் கோட்பாடு எனப்படுகிறது.

6. நான் ஒவ்வொரு முறையும் பாராட்டுகிறேன். ஆனாலும் பிள்ளை அதைத் திரும்பச் செய்வதில்லை. வலுவூட்டல் என்பதே பொய்யா?

பாராட்டு உங்களுக்குப் பரிசாகத் தோன்றுகிறது. பிள்ளையின் நடத்தை கூடாதவரை அது வலுவூட்டியாகச் செயல்படவில்லை என்றுதான் பொருள். முந்தைய விடையில் சொன்னபடி, எது வலுவூட்டி என்பதை விளைவு தீர்மானிக்கிறது, கொடுப்பவரின் நோக்கம் தீர்மானிப்பதில்லை. வகுப்பில் குறும்பு செய்யும் மாணவனை ஆசிரியர் எல்லோர் முன்னும் கடிந்துகொள்வது தண்டனையாகவே நோக்கப்படுகிறது. கவனத்துக்கு ஏங்கும் மாணவனுக்கு அதுவே வலுவூட்டியாகிவிடலாம்.

"நடத்தையைக் கூட்டுவதே வலுவூட்டி என்றால், இது வட்டமாகச் சுற்றும் வரையறை ஆயிற்றே" என்று சிலர் மடக்குவார்கள். நியாயமான எதிர்வாதம். டேவிட் பிரிமாக் 1959இல் இதற்கு ஒரு வழி காட்டினார்: ஒருவரைக் கட்டுப்பாடின்றி விட்டால் அதிகம் செய்யும் செயல், குறைவாகச் செய்யும் செயலுக்கு வலுவூட்டியாக அமையும். இனிப்பைவிட விளையாட்டுப் பொறியை விரும்பிய குழந்தைகள், விளையாட வாய்ப்புக் கிடைப்பதற்காக அதிகம் இனிப்புத் தின்றார்கள். இனிப்பை விரும்பியவர்களிடம் இது தலைகீழாக நடந்தது. ஆகவே எது வேலை செய்யும் என்பதை முன்கூட்டியே கவனித்துச் சொல்ல முடியும்.

காலமும் ஒரு காரணம். செயலுக்கும் விளைவுக்கும் இடையே நேரம் கூடக்கூடக் கற்றல் நலிகிறது. நாயைப் பழக்குவோர் சொடுக்குக் கருவியைப் பயன்படுத்துவது இதனால்தான்: சொடுக்கொலியை முதலில் தின்பண்டத்தோடு இணைத்துவிட்டால், சரியான செயல் நிகழும் அதே நொடியில் ஒலி கொடுத்து, தின்பண்டத்தைப் பிறகு தரலாம்.

7. எப்போதும் பரிசு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா? நிறுத்தினால் எல்லாம் போய்விடுமா?

புதிய செயலைக் கற்பிக்கும்போது ஒவ்வொரு முறையும் வலுவூட்டுவது விரைவான வழி. கற்ற பிறகு சிலமுறை மட்டும் கொடுப்பதே செயலை நீடிக்கச் செய்யும். எப்போதும் கிடைத்துவந்தது நின்றால் மாற்றம் உடனே தெரிகிறது. எப்போதாவது கிடைத்துவந்தது நின்றால் தெரிய நெடுநேரம் ஆகிறது. சார்லஸ் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் வெளியிட்ட பெருந்தொகுப்பு, வலுவூட்டும் கால ஒழுங்குக்கு ஏற்பச் செயலின் வேகம் எப்படி மாறுகிறது என்பதை வரைபடங்களாகவே காட்டியது. எத்தனையாவது செயலுக்குப் பரிசு என்பது கணிக்க முடியாதபடி மாறிக்கொண்டிருந்தால் வேகமும் பிடிவாதமும் மிகுதி. சூதாட்டப் பொறிகள் இந்த ஒழுங்கில்தான் இயங்குகின்றன.

அடம்பிடிக்கும் குழந்தைக்கு ஒன்பது முறை மறுத்துப் பத்தாவது முறை இணங்கும் பெற்றோர், தம்மை அறியாமல் இதே ஒழுங்கை அமைக்கிறார்கள். இன்னொன்றையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது: வலுவூட்டலை நிறுத்தியவுடன் செயல் குறையும்முன் சில நேரம் மிகுந்து வெடிக்கும். அந்த உச்சத்தில் இணங்கிவிட்டால், உரத்த அழுகைக்கே பலன் உண்டு என்று கற்பித்ததாகிவிடும்.

8. ஒரு அடி கொடுத்தால் உடனே நிறுத்திவிடுகிறதே. பிறகு ஏன் தண்டனை வேண்டாம் என்கிறார்கள்?

தண்டனை நடத்தையை அடக்காது என்று யாரும் சொல்லவில்லை. உடனடியாக, தவறாமல், போதிய வலிமையோடு வரும் தண்டனை நடத்தையை அடக்குகிறது என்பதை நேத்தன் அஸ்ரின், வில்லியம் ஹோல்ஸ் இருவரும் 1966இல் தொகுத்துக் காட்டினார்கள். அன்றாட வாழ்வில் இந்த நிபந்தனைகள் ஒன்றாகக் கூடுவது அரிது.

அதோடு, தண்டனை எதைச் செய்யக்கூடாது என்று மட்டும் சொல்கிறது; எதைச் செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. தண்டிப்பவர் இல்லாத இடத்தில் நடத்தை திரும்பலாம். அச்சம் செயலோடு மட்டும் நில்லாமல், கேள்வி 3இல் கண்ட முறையில், தண்டிப்பவரோடும் இடத்தோடும் ஒட்டிக்கொள்கிறது. "உடனே நிறுத்திவிடுகிறதே" என்ற உங்கள் சொற்களையே கவனியுங்கள்: தொல்லை உடனே நீங்குவதால் அடிப்பவரின் செயல் எதிர்மறையாக வலுவூட்டப்படுகிறது.

9. பரிசு கொடுத்தால் உள்ளார்வம் செத்துவிடும் என்கிறார்களே, அது கேள்வி 7க்கு முரண் இல்லையா?

முரண்போலத் தோன்றினாலும் இரண்டும் வெவ்வேறு சூழல்களைப் பற்றியவை. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், வரைவதை ஏற்கனவே விரும்பிய மழலையர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று ஒரு குழுவிடம் முன்கூட்டியே சொல்லப்பட்டது. மற்றொன்றுக்கு எதிர்பாராமல் கொடுக்கப்பட்டது. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாள்கள் கழித்து, விருப்பம்போல் விளையாட விட்டபோது, முதல் குழுவினர் வரைவதில் செலவிட்ட நேரம் மற்ற குழுக்கள் செலவிட்டதில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது.

ஆகவே எச்சரிக்கை பொருந்துவது, விருப்பம் ஏற்கனவே இருக்கும் செயலுக்கு, முன்னரே அறிவித்து, செய்த தரத்தைப் பாராமல் கொடுக்கப்படும் பொருள் பரிசுக்கு. விருப்பமே இல்லாத செயலைத் தொடங்கிவைக்கப் பரிசு கொடுப்பதை இந்த ஆய்வு தடுக்கவில்லை.

10. பரிசும் தண்டனையும் இல்லாமல் கற்றல் நடக்குமா?

நடக்கும். எட்வர்ட் டோல்மனும் சார்லஸ் ஹான்சிக்கும் 1930இல் வெளியிட்ட சோதனையில் மூன்று எலிக் குழுக்கள் நாள்தோறும் புதிர்ப்பாதையில் விடப்பட்டன. ஒரு குழுவுக்கு முடிவில் எப்போதும் உணவு இருந்தது. இரண்டாவதற்கு ஒருபோதும் இல்லை. மூன்றாவதற்குப் பதினோராம் நாளில்தான் முதன்முறையாக உணவு வைக்கப்பட்டது. மறுநாளே மூன்றாவது குழுவின் தவறுகள் சடாரென்று வீழ்ந்து, முதல் குழுவின் நிலையை எட்டின. பத்து நாள்களும் அவை பாதையைக் கற்றே இருந்தன. கற்றதைக் காட்டக் காரணம் இல்லாதிருந்தது.

கேள்வி 1இல் திறன் என்பதையும் சேர்த்துச் சொன்னது இதற்காகத்தான். நடத்தையில் தெரியாத கற்றலும் உண்டு. எலிகள் சூழலின் வரைபடம் போன்ற ஒன்றை உள்ளே அமைத்துக்கொள்கின்றன என்று டோல்மன் 1948இல் வாதிட்டார்.

11. பிறரைப் பார்த்தே கற்றுக்கொள்கிறோமே, அது எந்தக் கோட்பாட்டில் வருகிறது?

ஆல்பர்ட் பண்டூராவின் சமூகக் கற்றல் கோட்பாட்டில். 1961இல் அவரும் அவருடைய மாணவர்களும் ஸ்டான்ஃபோர்டில் 72 மழலையரிடம் நடத்திய ஆய்வில், காற்றடைத்த பெரிய பொம்மையை ஒரு பெரியவர் அடித்து உதைப்பதைப் பார்த்த குழந்தைகள், பின்னர் அதே அடிகளையும் அதே சொற்களையும் திரும்பச் செய்தார்கள். அவர்களுக்கு யாரும் பரிசு தரவில்லை.

1965இல் வந்த தொடர் ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. படத்தில் பொம்மையை அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே பின்பற்றினார்கள். பார்த்ததைச் செய்துகாட்டினால் பரிசு என்று அறிவித்தவுடன், குழுக்களுக்கு இடையிலான வேறுபாடு மறைந்துவிட்டது. எல்லோரும் கற்றிருந்தார்கள், சிலர் வெளிக்காட்டவில்லை. முந்தைய விடையில் வந்த எலிகளின் கதையேதான். கவனித்தல், நினைவில் இருத்தல், செய்யும் உடல்திறன், செய்வதற்கான தூண்டுதல் ஆகிய நான்கும் இக்கற்றலுக்குத் தேவை என்று பண்டூரா பின்னர் வகுத்தார்.

12. சரியான பரிசு கொடுத்தால் எந்த விலங்குக்கும் எதையும் கற்பிக்கலாமா?

மனத்தை விட்டு நடத்தையை மட்டும் ஆராய்ந்த முற்கால நடத்தையியலாளர்கள் பலர் ஏறக்குறைய அப்படித்தான் நம்பினார்கள். ஸ்கின்னரோடு பணியாற்றிய கெல்லர் பிரீலண்ட், மரியன் பிரீலண்ட் இணையர் விலங்குகளைப் பழக்குவதையே தொழிலாகக் கொண்டு, 1961இல் தம் தோல்விகளைப் பட்டியலிட்டார்கள். மர நாணயத்தை உண்டியலில் போடக் கற்ற பன்றி, நாளடைவில் அதைத் தரையில் போட்டு மூக்கால் கிளறத் தொடங்கியது. ரக்கூன் இரு நாணயங்களை உள்ளே போடாமல் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தது. இச்செயல்கள் உணவைத் தாமதப்படுத்தினாலும் நாளுக்கு நாள் கூடின. உணவோடு இணைந்த பொருளிடம் அவ்வினத்தின் இயல்பான உணவு தேடும் நடத்தை வெளிப்பட்டுவிட்டது.

ஜான் கார்சியாவும் ராபர்ட் கோலிங்கும் 1966இல் வெளியிட்ட சோதனை இன்னும் கூர்மையானது. எலிகள் சுவையூட்டிய நீரைக் குடிக்கும்போது ஒளியும் ஒலியும் சேர்ந்து தோன்றின. பின்னர் நோயுற்ற எலிகள் அந்தச் சுவையைத் தவிர்த்தன, ஒளியையும் ஒலியையும் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி பெற்ற எலிகள் ஒளியும் ஒலியும் வந்தபோது குடிக்கத் தயங்கின, சுவையைப் பொருட்படுத்தவில்லை. சுவைக்கும் நோய்க்கும் இடையே பல மணி நேரம் கழிந்தாலும், ஒரே ஒரு முறை நிகழ்ந்தாலும், இணைப்பு உண்டாகும் என்பதையும் இவ்வகை ஆய்வுகள் காட்டின. கேள்வி 6இல் காலத்தாழ்வு கற்றலை நலிவிக்கும் என்று சொன்னதற்கு இது பெரிய விதிவிலக்கு.

13. இரண்டு நிகழ்ச்சிகள் அடிக்கடி சேர்ந்து வந்தாலே மூளை அவற்றை இணைத்துவிடும், அவ்வளவுதானே?

பாவ்லோவைப் படித்த பெரும்பாலோர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். சேர்ந்து வருவது மட்டும் போதாது என்று 1960களின் இறுதியில் இரு சோதனைகள் காட்டின. ராபர்ட் ரெஸ்கோர்லா இரு குழு எலிகளுக்கு ஒலியோடு அதிர்ச்சி வரும் வாய்ப்பை ஒரே அளவில் வைத்தார். ஒரு குழுவுக்கு மட்டும் ஒலி இல்லாத நேரத்திலும் அதே வாய்ப்பில் அதிர்ச்சி வந்தது. அந்தக் குழு ஒலிக்கு அஞ்சக் கற்கவில்லை. ஒலி அவற்றுக்குப் புதிதாக எதையும் அறிவிக்கவில்லை.

லியோன் காமின் எலிகளுக்கு முதலில் ஒலியை அடுத்து அதிர்ச்சி வரும் என்று கற்பித்தார். பிறகு ஒலியும் ஒளியும் சேர்ந்து வந்து அதே அதிர்ச்சி தொடர்ந்தது. ஒளியும் பலமுறை அதிர்ச்சியோடு சேர்ந்துதான் வந்தது; எனினும் ஒளியை மட்டும் காட்டியபோது அச்சம் மிகக் குறைவு. அதிர்ச்சியை ஒலி ஏற்கனவே முழுமையாக முன்னறிவித்துவிட்டதால் ஒளிக்குக் கற்பிக்க எதுவும் மிஞ்சவில்லை.

ரெஸ்கோர்லாவும் ஆலன் வாக்னரும் 1972இல் இதை ஒரு சமன்பாடாக்கினார்கள். எதிர்பார்த்ததற்கும் நிகழ்ந்ததற்கும் இடையிலான வேறுபாடு எவ்வளவோ, கற்றலும் அவ்வளவு. வியப்பு இல்லையேல் கற்றல் இல்லை. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், பீட்டர் தயான், ரீட் மான்டேகு மூவரும் 1997இல், குரங்கு மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் இதே கணக்கைக் காட்டுகின்றன என்று எழுதினார்கள். எதிர்பாராத பழச்சாறு கிடைத்தால் அவை துடிப்பை உயர்த்தும். முன்னறிவிப்புக் குறியைக் கற்றபின் குறிக்கே உயர்த்தும், சாற்றுக்கு உயர்த்தாது. குறி வந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே தாழும். டோபமினை இன்பம் தரும் வேதிப்பொருள் என்று சுருக்கிச் சொல்வது இந்தக் கண்டுபிடிப்பைத் தவறவிடுகிறது.

14. விட்டுவிட்ட பழக்கமும் தீர்ந்த பயமும் ஏன் திரும்பி வருகின்றன? 21 நாளில் பழக்கத்தை மாற்றலாம் என்கிறார்களே?

மறைதல் என்பது அழித்தல் அன்று. ஓய்வுக்குப் பின் உமிழ்நீர் திரும்பியதைக் கேள்வி 2இல் பார்த்தோம். மார்க் பௌட்டனின் ஆய்வுகளின்படி, பழைய இணைப்பு அப்படியே இருக்க, "இப்போது இது வராது" என்ற புதிய கற்றல் அதன்மேல் சேர்கிறது. இந்தப் புதிய கற்றல் நடந்த இடத்தோடு இறுகப் பிணைந்தது. ஓர் அறையில் உண்டாக்கிய அச்சத்தை வேறோர் அறையில் மறையச் செய்து, விலங்கை முதல் அறைக்குக் கொண்டுவந்தால் அச்சம் மீண்டும் வரும். மருத்துவமனையில் மதுவை விட்டவர் பழைய நண்பர்களிடையே தடுமாறுவதும், அச்சநீக்கச் சிகிச்சையைப் பல இடங்களில் நடத்தச் சொல்வதும் இதனால்தான்.

21 நாள் கணக்குக்கு ஆய்வு அடிப்படை இல்லை. ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 தன்னார்வலரிடம் நடத்திய ஆய்வில், புதிய செயல் தானாக நிகழும் நிலையை எட்ட நடுமதிப்பாக 66 நாள் ஆனது; ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 முதல் 254 நாள் வரை விரிந்தது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை.

15. முயற்சியைக் கைவிடுவதும் கற்றுக்கொள்வதுதானா?

மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும் 1967இல் அப்படித்தான் முடிவு செய்தார்கள். தம் செயலால் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சியைப் பெற்ற நாய்கள், பின்னர் தடுப்பைத் தாண்டினாலே தப்பலாம் என்ற நிலையிலும் பெரும்பாலும் அசையாமல் கிடந்தன. நிறுத்த முடிந்த அதே அளவு அதிர்ச்சியைப் பெற்றவை எளிதில் தப்பின. இதைக் கற்ற கையறுநிலை என்றார்கள்.

அதே இருவர் 2016இல் தம் விளக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். நரம்பியல் சான்றுகளின்படி, நீடித்த துன்பத்தில் செயலற்றுப் போவது மூளையின் கற்காத, இயல்பான எதிர்வினை. தன்னால் கட்டுப்படுத்த முடியும் என்பதே கற்கப்படுவது. அதை முன்மூளைப் பகுதி கண்டறிந்து அந்தச் செயலின்மையை அடக்குகிறது. சோதனையின் விளைவு மாறவில்லை, அதற்கான விளக்கம் மாறிவிட்டது. பல பாடக்குறிப்புகளில் இன்னும் பழைய விளக்கமே இருக்கிறது.

16. சாம்ஸ்கி விமர்சித்த பிறகு ஸ்கின்னர் காலாவதியாகிவிட்டார் என்று படித்தேன். சரியா?

பாதி சரி. ஸ்கின்னர் 1957இல் மொழியையும் வலுவூட்டலால் விளக்க முயன்றார். மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1959இல் எழுதிய மதிப்புரையில், குழந்தைகள் கேட்டிராத வாக்கியங்களை உருவாக்குவதை அதனால் விளக்க முடியவில்லை என்று கடுமையாகச் சாடினார். எல்லா நடத்தையையும் மனத்தைக் குறிப்பிடாமலே விளக்கிவிடலாம் என்ற பெருங்கொள்கை நிலைக்கவில்லை. கேள்வி 10, 12, 13 ஆகியவற்றின் விடைகளிலும் அதற்கான காரணங்கள் உள்ளன. வலுவூட்டல் ஒழுங்குகள் பற்றிய அளவீடுகள் இன்றும் உறுதியாக நிற்கின்றன.

17. கடைசியாக ஒன்று: நெம்புகோலை அழுத்தும் எலிக்குத் தான் எதற்காக அழுத்துகிறோம் என்று தெரியுமா?

இதைச் சோதிக்க வழி உண்டு. கிறிஸ்டஃபர் ஆடம்ஸும் ஆந்தனி டிக்கின்சனும் 1980களின் தொடக்கத்தில், உணவு உருண்டைக்காக அழுத்தக் கற்ற எலிகளுக்கு, நெம்புகோல் இல்லாத வேளையில் அதே உருண்டையைக் கொடுத்து நோயை உண்டாக்கினார்கள். கேள்வி 12இல் கண்டபடி எலிகள் அந்த உணவை வெறுத்தன. பிறகு நெம்புகோலைக் கொடுத்து, உணவு எதுவும் தராமல், அழுத்துகின்றனவா என்று பார்த்தார்கள். தார்ன்டைக்கின் விளைவு விதிப்படி, சூழலோடு செயல் பிணைந்துவிட்டது. உணவின் மதிப்பு குறைந்தது செயலைத் தொடக்கூடாது. எலிகளோ குறைவாகவே அழுத்தின. அழுத்தினால் எது வரும் என்பதும், அது இப்போது வேண்டாத ஒன்று என்பதும் அவற்றின் செயலைத் தீர்மானித்தன.

விடை இத்துடன் முடிவதில்லை. பயிற்சி மிக நீண்டிருந்த எலிகள் அந்த உணவை வெறுத்த பிறகும் முன்போலவே அழுத்திக்கொண்டிருந்தன. குறிக்கோளை நோக்கித் தொடங்கிய செயல் நெடும் பழக்கத்தால் தார்ன்டைக் சொன்ன வகைப் பிணைப்பாக மாறிவிட்டிருந்தது. இரண்டும் மூளையில் வெவ்வேறு இடங்களைச் சார்ந்தவை. மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் என்னும் பகுதியின் மேற்புற வெளிப்பக்கம் சேதமுற்ற எலிகளை எவ்வளவு நீண்ட காலம் பழக்கினாலும், உணவின் மதிப்பு குறைந்தவுடன் அவை அழுத்துவதைக் குறைத்துக்கொள்கின்றன என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது.